மீட்டர் எண்கள் நம்முடையவை: கொங்கு நாட்டுத் தொழில் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களில் இயங்கும் நூற்பாலை, வார்ப்பட ஆலை, பின்னலாடை, விசைத்தறி, குறுந்தொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் ஆலைகளின் மின்சாரத்தை அளந்து பதியும் மென்பொருளை ஆளுக்கொரு நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டு, சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒன்றை எழுதி வாங்குங்கள். அதன் மூல நிரல், அதாவது நிரலர் எழுதிய வரிகள், எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். அது பதியும் எண்கள் ஆலையின் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நான் கோவையில் வசிக்கும் நிரலர். ஆலைகளின் பேனல்களில் இருக்கும் மீட்டர்களிலிருந்து எண்களைப் படித்துக் கணக்காக்கித் தரும் நிரல்களை எழுதுவதே என் பிழைப்பு. நான் சொல்லும் யோசனை நிறைவேறினால் எனக்கு வரும் வேலையில் ஒரு பகுதி குறையும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இந்த மண்ணுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலை நீராவியில் ஓடியது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையைச் சுற்றி ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் நாட்டின் முதல் மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அதே ஊர்தான் 2008-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த மின்வெட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற முடிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். தறியைப் பழைய இரும்புக்கு எடை போட்டவர்களும் உண்டு. பிறகு 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. உயரழுத்த இணைப்புக்கான டிமாண்ட் கட்டணம், அதாவது ஆலை இழுக்கும் உச்ச மின்தேவைக்கான கட்டணம், கேவிஏ என்ற அலகு ஒன்றுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாய்க்குத் தாவியது. மறு ஆண்டு செப்டம்பரில் நிலைக் கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் எதிர்த்துச் சிறு தொழில்கள் ஒருநாள் கதவடைத்ததை நீங்களே முன்னின்று நடத்தினீர்கள்.

கட்டணத்தை எதிர்த்துப் போராடுவது உங்கள் வேலை. அந்தக் கட்டணம் எங்கே ஏறுகிறது, எப்போது ஏறுகிறது என்று நிமிடம் நிமிடமாகக் காட்டுவது என் வேலை. அதில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஒப்பந்த மின்தேவை, அதாவது மின்வாரியத்திடம் கேட்டு வைத்திருக்கும் உச்ச அளவு, 1,000 கேவிஏ உள்ள ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதத்துக்கு, அதாவது 900 கேவிஏவுக்கு, ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். அதற்கு மேலே போனால் அந்த மாதத்தில் மீட்டர் பதிந்த உச்ச அளவே கணக்கு. மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் நூல் நூற்கும் ரிங் பிரேம்களை எல்லாம் அவசர அவசரமாக ஒரே மூச்சில் ஓட விடுகிறார்கள். காற்றை அழுத்தும் கம்ப்ரசரும், ஆலைக்குள் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டும் அதே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. மீட்டர் ஒரே ஒருமுறை 980-ஐத் தொட்டுவிடுகிறது. மீதி நாளெல்லாம் 920-ல் ஓடியிருந்தாலும் அந்த மாதத்துக்கு 980-க்குத்தான் பில். எந்த பிரேமை முதலில் ஓட்டுவது, எதை ஐந்து நிமிடம் பொறுத்து ஓட்டுவது என்ற வரிசை ஒன்றை வகுத்து, அளவு 930-ஐ நெருங்கும்போது ஃபோர்மேனுக்கு மணி அடித்துச் சொன்னால் போதும். 550 ரூபாய் வீதம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 27,500 ரூபாய், ஆண்டுக்கு 3,30,000 ரூபாய் மிச்சம். அந்த மணியை அடிப்பதற்கு வேண்டிய நிரல் சில நூறு வரிகளுக்குள் அடங்கும்.

இதே போலத்தான் மற்றவையும். விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் திறன் வேகத்தின் மும்மடியில் மாறுகிறது. ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில் வேகம் மாற்றும் டிரைவ் பொருத்தியிருந்தும், மழைக்கால இரவிலும் சித்திரை மதியத்திலும் ஒரே வேகத்தில் ஓடும் விசிறிகளைப் பார்த்திருக்கிறேன். காற்றுக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 6 பார் அழுத்தத்தில், சுமார் 3 கிலோவாட்டை விழுங்கும். நாளுக்கு 72 யூனிட். வார்ப்பட ஆலையில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் ஆகிறது என்றால், அதில் அச்சு தயாராகவில்லை என்று உலையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த நேரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பிரித்துப் பார்க்க ஷிப்ட் வாரியாக, இயந்திரம் வாரியாக எண்கள் வேண்டும். மாதக் கடைசியில் வரும் பில்லில் அவை இருப்பதில்லை.

அந்த எண்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் பேனலில், ஏற்கெனவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் பொருத்திய மீட்டருக்குள் இருக்கின்றன. மீட்டரின் பின்பக்கத்தில் இரண்டு கம்பிகள் மாட்ட இடம் இருக்கும். அதன் வழியே மீட்டர் பேசும் மொழிக்கு மோட்பஸ் என்று பெயர். 1979-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்தலாம். 230 வோல்ட் என்ற அளவு அந்தக் கம்பியில் 17254, 0 என்று இரண்டு எண்களாக வரும். இரண்டையும் சரியான வரிசையில் சேர்த்தால் 230. மாற்றிச் சேர்த்தால் திரையில் பூச்சியம்தான் தெரியும். எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த வரிசையில் சேர்ப்பது என்பதைச் சொல்லும் அட்டவணை சில பக்கங்களில் முடிந்துவிடும். அந்த அட்டவணை கையில் இருந்தால், பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் ஓரிரு வாரத்தில் உங்கள் ஆலையின் மீட்டர்களைப் பேச வைத்துவிடுவான். அது கையில் இல்லாவிட்டால், விற்றவர் வைத்ததுதான் சட்டம்.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மின்சாரக் கண்காணிப்பு என்று ஒரு நிறுவனத்திடம் மாதச் சந்தாவில் சேவை வாங்கியிருந்தார்கள். எண்கள் எல்லாம் வெளியூரில் எங்கோ உள்ள சர்வருக்குப் போய், அங்கிருந்து வண்ண வண்ண வரைபடமாகத் திரும்பி வரும். இணையம் அறுந்தால் ஆலைக்குள் இருக்கும் மீட்டரையே ஆலைக்குள் பார்க்க முடியாது. ஒருகட்டத்தில் அந்த நிறுவனம் சேவையை நிறுத்திக்கொண்டது. பழைய எண்களைக் கேட்டபோது வரைபடங்களின் படங்களை மட்டும் அனுப்பினார்கள். படத்திலிருந்து கணக்கு எடுக்க முடியுமா? பல ஆண்டுப் பதிவு போனது போனதுதான். எலக்ட்ரீஷியன் ஒருவர் ஷிப்டுக்கு ஒருமுறை பால்பாயிண்ட் பேனாவால் நீள நோட்டில் எழுதி வைத்திருந்த எண்கள் மட்டும் மிஞ்சின. புதிய நிரலை எழுதிச் சரிபார்க்க எனக்கு உதவியது அந்த நோட்டு. ஓரங்களில் எண்ணெய்க் கறை, நடுவில் "பிரேம் 14 பேரிங் சத்தம்" என்று ஒரு குறிப்பு. சந்தா மென்பொருள் ஒருநாளும் பதியாத செய்தி அது.

மோட்டார் எரிந்துபோனால் நம் ஊரில் யாரும் அதைச் செய்த நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பதில்லை. தெருமுனைக் கடையில் பிரித்து, கம்பிச் சுருளை மறுபடி கட்டி, மறுநாள் ஓட விடுகிறோம். பிரித்துப் பார்க்கும் உரிமை நம்மிடம் இருந்ததால்தான் கோவை, பம்பு செட்டுக்குப் பேர்போன ஊரானது. மென்பொருள் விஷயத்தில் மட்டும் அந்த உரிமையை ஒரு கையெழுத்தில் கொடுத்துவிடுகிறோம்.

இனி, கருவிகளைப் பற்றி ஒரு நிரலனாக என் கருத்து. ஆலைக்கு வேண்டிய மென்பொருள் சிறியது. நூறு மீட்டர்கள், மீட்டருக்குப் பத்து அளவுகள், நிமிடத்துக்கு ஒருமுறை, அளவுக்கு நான்கு பைட் என்று பெருக்கிப் பாருங்கள். ஆண்டு முழுவதற்கும் 2 ஜிகாபைட்டைச் சற்றே தாண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பென் டிரைவில் பத்தாண்டுக் கணக்கு அடங்கிவிடும். இதற்கு வெளிநாட்டு சர்வர் எதற்கு? 5 வாட் இழுக்கும் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று போதும். ஆண்டு முழுவதும் அணைக்காமல் ஓடினாலும் 44 யூனிட்டைத் தாண்டாது. எண்களைச் சேமிக்க எஸ்கியூலைட் போதும். 2000-ல் ரிச்சர்டு ஹிப் எழுதி வெளியிட்ட தரவுத்தளம் அது. ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான அளவு, பொதுவுடைமையாக விடப்பட்டது, உலகின் எல்லாத் திறன்பேசிகளிலும் இருப்பது. தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். நகலெடுத்தால் வேலை முடிந்தது.

இப்படிச் சொன்னால், சி மொழியில் எழுதச் சொல்கிறாயா, பைத்தானில் எழுதச் சொல்கிறாயா என்று இளைய நிரலர்கள் கேட்கிறார்கள். 2017-ல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் நிரல்மொழிகளின் மின்செலவை அளந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்குகளில் சி ஒரு பங்கு செலவழித்த இடத்தில் பைத்தான் 75 பங்குக்கு மேல் செலவழித்தது. அந்த எண் உண்மைதான், ஆனால் ஆலைக்கு அப்படியே பொருந்தாது. நம் நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, மீட்டரைக் கேட்டு, எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போவது. நாளில் பெரும்பகுதி அது சும்மா இருக்கிறது. அதனால் மொழியைவிட, எத்தனை முறை விழிக்கிறது, விழித்து எதைச் செய்கிறது என்பதுதான் முக்கியம். நான்கு எண்களைக் காட்டும் திரைக்காக இரண்டு நொடிக்கு ஒருமுறை கடல் கடந்து சேதி அனுப்புவதும், அந்தத் திரையைத் திறக்கவே நூற்றுக்கணக்கான மெகாபைட் நினைவகம் கேட்பதும் என் கண்ணில் தொழில் ஒழுக்கக் கேடு. வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்று 1995-லேயே கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் எச்சரித்தார். அதற்குப் பிறகு நிலைமை மோசமாகத்தான் ஆகியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லி உங்களிடம் வருகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எதோடு ஒப்பிட்டு மிச்சம்? அடிப்படை எண்கள் எங்கே? உலகின் தரவு மையங்கள் 2024-ல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் எடுத்ததாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. 2030-க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டும் என்றும் அதே அறிக்கை மதிப்பிடுகிறது. அந்தத் தொழில்நுட்பத்தை நான் பழிக்கவில்லை. பயன் உள்ள இடங்கள் உண்டு. ஆனால் கம்ப்ரசர் குழாயில் காற்று ஒழுகுகிறது என்று சொல்ல அது தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் ஓடாதபோது கம்ப்ரசர் எத்தனை யூனிட் எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது அவசரம் ஏன் என்பதற்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, எஃகு, அலுமினியம் போன்றவற்றின் இறக்குமதிக்குக் கார்பன் கணக்குக் கேட்கத் தொடங்கியது 2023 அக்டோபரில். 2026 ஜனவரியிலிருந்து அது பணம் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஆடைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பொருள்களுக்கு, அவை எதனால் எப்படி ஆனவை என்று சொல்லும் மின்னணுக் கடவுச்சீட்டு கேட்கும் சட்டம் 2024 ஜூலையிலேயே அங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது, அதில் துணிவகை முன்வரிசையில் இருக்கிறது. நாளை திருப்பூர்க்காரரிடம் வாங்குபவர், ஒரு கிலோ துணிக்கு எத்தனை யூனிட், அதில் காற்றாலை எத்தனை என்று கேட்பார். திருப்பூர்க்காரர் தனக்கு நூல் கொடுத்தவரிடம் கேட்பார். அந்த எண் உங்கள் ஆலையில் உருவானது. அதை இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்கி வாங்குபவருக்குக் கொடுக்கும் நிலை வந்தால் பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கும்?

உள்நாட்டிலும் இதே கதைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றை நம்பி உடுமலை, தாராபுரம், பல்லடம் பகுதிகளில் காற்றாலை போட்டிருக்கும் ஆலைகள் பல. பலர் சேர்ந்து தங்களுக்கே மின்சாரம் உற்பத்தி செய்துகொள்ளும் கூட்டுச் சொந்தப் பயன்பாட்டு விதிப்படி, காற்றாலையில் பயன்படுத்துவோரின் பங்கு 26 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பங்குதாரர்களே பயன்படுத்தியிருக்க வேண்டும். எந்த நேரத்தில் உற்பத்தியானது, எந்த நேரத்தில் நீங்கள் பயன்படுத்தினீர்கள் என்று மின்வாரியத்தின் கணக்கோடு உங்கள் கணக்கை ஒப்பிட, உங்களிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா? மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும், ஐந்நூறு பட்டறைகளின் நேரவாரி மின்பயன்பாட்டை ஒரே அட்டவணையாக வைத்து உச்ச நேரக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் சங்கத்தை அவ்வளவு எளிதில் உட்கார வைத்துவிட முடியாது.

போட்டியாளரிடம் எங்கள் எண்களைக் காட்டுவதா என்ற தயக்கம் புரிகிறது. காட்ட வேண்டியதில்லை. பொதுவாக இருக்க வேண்டியது மென்பொருள், எண்கள் அவரவர் ஆலையில். சங்கத்துக்கு அனுப்புவதாக இருந்தால் பெயர் நீக்கி, ஆலையே விரும்பி அனுப்பட்டும். இது உங்களுக்குப் புதிதும் இல்லை. ஆலைகள் சேர்ந்து, மத்திய அரசின் துணையோடு, 1956-ல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கின. தனித்தனி ஆலையால் வைத்துக்கொள்ள முடியாத ஆய்வுக்கூடத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். ஆலையின் பெயர் வெளியே தெரியாமல் உற்பத்தித்திறனை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் அங்கிருந்துதான் கற்றோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே இருண்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் வழியாகத்தான் பட்டறைகள் மீண்டும் எழுந்தன. அவை எளிதில் கிடைக்கவில்லை. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, உழவர்கள் நீதிமன்றம் ஏறிய பிறகுதான் கிடைத்தன. அந்த நிலையங்களில் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க ஆகும் எரிசக்திச் செலவை அதன் நிர்வாகிகளிடம் கேட்டுப் பாருங்கள், நான் எதற்காக இத்தனை வலியுறுத்துகிறேன் என்று தெரியும்.

பராமரிப்பது யார்? இது நியாயமான கேள்வி. திறந்த மூல மென்பொருள் என்றால் கேட்பாரில்லாத மென்பொருள் என்று ஒரு பயம் இருக்கிறது. மூல நிரலும் ஆவணமும் சங்கத்தின் கையில் இருந்தால், பராமரிப்பு ஒப்பந்தத்தை இன்று ஒருவருக்கும் மூன்று ஆண்டு கழித்து வேறொருவருக்கும் கொடுக்கலாம். சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் ஆயிரக்கணக்கான நிரலர்கள் உட்கார்ந்து ஏதேதோ நாட்டு வங்கிகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓடும் ஆலைக்கு எழுத அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. பொறியியல் கல்லூரிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. கடைசி ஆண்டு மாணவர்கள் எங்கிருந்தோ வாங்கிவந்து ஒப்படைக்கும் திட்டப்பணிகளுக்குப் பதிலாக, உண்மையான ஓர் ஆலையின் உண்மையான மீட்டரில் வேலை கொடுத்துப் பாருங்கள்.

திரை தமிழில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடவே இந்தியிலும் ஒடியாவிலும். இரவு ஷிப்டில் பேனல் முன்னால் நிற்பவர் உடுமலைக்காரராகவும் இருக்கலாம், ஒடிசாவிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்து, அதை அவர் ஓகே அழுத்தி மூடிவிட்டுப் போனால், அந்த எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலாவதற்குச் செலவே இல்லை. இனி உறுப்பினர்கள் வாங்கும் எந்த மீட்டருக்கும், எந்த இயந்திரத்துக்கும், எந்தக் கண்காணிப்புச் சேவைக்கும் கொடுக்கும் ஆர்டரில் ஒரு நிபந்தனை சேர வேண்டும்: மோட்பஸ் அட்டவணையை எழுத்தில் தர வேண்டும், பதிவான எண்கள் முழுவதையும் எப்போது கேட்டாலும் சாதாரண அட்டவணைக் கோப்பாகத் தர வேண்டும், சந்தா முடிந்த பிறகும் தர வேண்டும். உறுப்பினர் ஒருவர் தனியாகக் கேட்டால் விற்பவர் சிரிப்பார். சங்கமே கேட்டால் கொடுப்பார்.

இரண்டாவது, பொது மென்பொருளுக்கான ஒரு சோதனை. ஒரு நூற்பாலை, ஒரு வார்ப்பட ஆலை, ஒரு சாயப்பட்டறை, சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடம் என நான்கு இடங்களில் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் அந்த ஆறு மாதத்துக்குள் வரும்படி பார்த்துக்கொண்டால் நல்லது. மீட்டர்களைப் படிக்க நான் எழுதி வைத்திருக்கும் நிரல் முழுவதையும், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தும் உரிமத்தில், விலையின்றிச் சங்கத்திடம் ஒப்படைக்கிறேன். நிறுவும் காலத்தில் சனி, ஞாயிறுகளில் வந்து நிற்கவும் தயார். நான்கு இடங்களையும் நீங்கள் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு நிரலன்